கரை ஏறுவோம், வாருங்கள்!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மலைமேல் ஓர் ஏரி. ஏரிக்குப் பின்னால் ஒரு சிகரம். காலையில் புறப்பட்டு நடந்து போய், அதன் கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டு, மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். இந்த ஆசை இன்று நம் மாணவ நண்பர்களிடையே காய்ச்சல் போலப் பரவியிருக்கிறது. காஷ்மீரத்து விஷன்சர் ஏரியும், ஹர்முக் மலையடியில் கிடக்கும் கங்காபல் ஏரியும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகின்றன. "படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் முதல் செலவு அங்கேதான்" என்று சொல்லாத நண்பர் இல்லை.

ஆசை தவறென்று சொல்ல நான் வரவில்லை. நடப்பதில் இன்பம் காண்பது நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்கு நாம் எழுதி வைத்திருக்கும் முகவரி மிகத் தொலைவில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே தொழிற்சாலைகளின் நடுவே வாழ்கின்ற நாம் முதலில் ஏற வேண்டியது நம் ஊர் ஏரிக்கரை என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

மலை ஏரியின் பிறப்பு

இமயத்து உயர்மலை ஏரிகள் பனிப்பாறைகளின் கைவேலை. பல்லாயிரம் ஆண்டுகள் மலைச் சரிவில் ஊர்ந்த பனிப்பாறை பாறையைக் குடைந்து பள்ளமாக்குகிறது. பனி உருகியபின் அந்தப் பள்ளத்தில் நீர் தேங்குகிறது. பனியில் அரைபட்ட பாறைமாவு நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் அவற்றில் பல ஏரிகளுக்கு அந்தப் பசுநீல நிறம் வாய்க்கிறது.

நம் தமிழகத்து மலைகளில் பனிப்பாறை ஏது? அப்படியானால் நாம் விடுமுறைக்கு ஓடிப்போய்ப் பார்க்கும் மலை ஏரிகள் எப்படி வந்தன? கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கில அதிகாரி ஓடையை மறித்துக் கரை கட்டியதால் உண்டானது. உதகை ஏரி 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் முயற்சியால் வெட்டப்பட்டது. நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஆகியவை குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கனடா நாட்டின் உதவியோடு கட்டப்பட்ட அணைகளின் நீர்த்தேக்கங்கள். ஆக, நாம் 'இயற்கை அழகு' என்று வியக்கும் அந்த நீர்ப்பரப்புகள் எல்லாமே மனிதன் கட்டிய கரையின் பயன்கள்.

தாழ்வான இடம் பார்த்து, ஓடையை மறித்து, கரை போட்டு, மிகுதி நீருக்கு வழி விடுவது நம் மண்ணுக்குப் புதிய வித்தையா? நம் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் பல்லவர் காலத்து வைரமேக தடாகம் இருக்கிறது. அந்த ஊரின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. குடவோலை முறைக்காக அவற்றை நாம் பள்ளியில் படித்தோம். அந்தக் கல்வெட்டுகளில் ஏரியைப் பேணுவதற்கென்றே 'ஏரி வாரியம்' என்று ஒரு குழு குறிக்கப்படுகிறது. தேர்தலை மனப்பாடம் செய்தோம். எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை விட்டுவிட்டோம். உத்திரமேரூர் ஏரிக்கு முன்னால் கொடைக்கானல் ஏரி ஓராயிரம் ஆண்டு இளைய தங்கை அன்றோ? தங்கையைப் பார்க்க ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போகிற நாம், அக்காளின் வீட்டு வாசலைத் தினமும் பேருந்தில் கடக்கிறோம். எட்டிப் பார்ப்பதில்லை.

நடக்கும் கால்களே காவல்

கொடைக்கானல் ஏரியை ஒருவர் மண்ணடித்து மூடிவிட முடியுமா? முடியாது. மறுநாளே ஊர் கூடிவிடும். ஏனென்றால் நாள்தோறும் ஆயிரம் பேர் அதைச் சுற்றி நடக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு சிறிய தாங்கலோ, வரத்துக் கால்வாயோ மறைந்தால் யாருக்குத் தெரியும்? நடப்பவர் இல்லாத கரையில் முதலில் முள் வளர்கிறது. பிறகு குப்பை வந்து சேர்கிறது. பிறகு வேலி முளைக்கிறது. கடைசியில் பெயர்ப்பலகை நிற்கிறது. இதுவே ஏரி இறக்கும் வரிசை.

வேடந்தாங்கலை எண்ணிப் பாருங்கள். அதுவும் நம் செங்கழுநீர்ப்பட்டுச் சீமையின் சிறிய பாசன ஏரிதான். அந்த ஊர் மக்கள் பறவைகளைத் தம் வீட்டுப் பிள்ளைகள் போலக் காத்து, 1798இலேயே கலெக்டரிடம் பாதுகாப்பு உறுதி பெற்றார்கள். 2020இல் சரணாலயத்தின் எல்லையைக் குறுக்கும் யோசனை எழுந்தபோது மாநிலமெங்கும் எதிர்ப்புக் குரல் கேட்டது. காரணம் வேறொன்றுமில்லை. பள்ளிச் சுற்றுலாவில் அந்தக் கரைமேல் நடந்து நாரையைப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகியிருந்தார்கள். பார்த்தவர்களுக்கே பறிபோவது வலிக்கும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் உள்ளன. அவற்றுள் எத்தனையை நாம் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவோம்? விஷன்சரைச் சொல்லும் நாவு தென்னேரியையும், பிள்ளைப்பாக்கத்தையும், மணிமங்கலத்தையும் ஏரிகளாகச் சொல்லுமா?

சங்கிலியின் கண்ணிகள்

ஏரி என்பது தனியாகக் கிடக்கும் ஒரு குட்டை அன்று. மேலூர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே மிகுதி நீர் வழிந்து கீழூர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்கு. இப்படிச் சங்கிலி போலக் கோத்து, கடைசியில் ஆற்றில் விடுவது நம் முன்னோர் செய்த ஏற்பாடு. இந்தச் சங்கிலியைப் புத்தகத்தில் படித்தால் பாதிதான் புரியும். ஒரு கலங்கலில் தொடங்கி அடுத்த ஏரி வரைக்கும் கால்வாயோடு நடந்தால் முழுவதும் புரியும். எந்த இடத்தில் கால்வாய் குறுகுகிறது, எந்தச் சாலைக்கு அடியில் குழாய் சிறுத்துப் போகிறது, எந்த மதில் குறுக்கே நிற்கிறது என்பதைக் கால்கள் சொல்லிக் கொடுக்கும்.

இது வெறும் பொழுதுபோக்கு அறிவா? 2015 டிசம்பர் முதல் நாளை நம்மில் எவர் மறப்பார்? அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதை நாடே பேசியது. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் எந்த நீரில் மூழ்கின? ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து அடையாற்றில் இறங்கிய நீரில். செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலைக்கு அருகேதான் அடையாற்றோடு சேர்கிறது. அதற்கு மேலே உள்ள ஊர்களை மூழ்கடித்தவை நாம் பெயர் அறியாத சிறிய ஏரிகளே. நான்கே ஆண்டு கழிந்தது. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே வீட்டு வாசலில் நின்ற பிறகும், அந்த வீட்டின் வரைபடம் நமக்குத் தெரியாது என்றால், பட்டம் பெற்று என்ன பயன்?

என் பாட்டனார் எங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். மதகு திறப்பதும் அடைப்பதும், வயலுக்கு முறை வைத்து நீர் விடுவதும் அவர் வேலை. அறுவடையின்போது களத்தில் அளக்கும் நெல்லே அவருக்குக் கூலி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், நள்ளிரவில், அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாய்க் கரை முழுதும் நடந்து எங்கே கசிகிறது என்று பார்ப்பாராம். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஏரியின் ஒவ்வோர் அடியும் தெரியும். எனக்கு வேறுபாட்டுச் சமன்பாடு போடத் தெரியும். ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது என்பதை வீட்டில் கேட்டால் சொல்ல ஆளில்லை. ஒரு தலைமுறையில் ஓர் அறிவு வந்தது. ஓர் அறிவு போனது. வந்ததை வைத்துக்கொண்டு போனதை மீட்பதுதான் முதல் பட்டதாரிகளின் கடமை என்று நினைக்கிறேன்.

பேருந்துச் சன்னல்

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து நம் வட்டாரத்தின் முகம் மாறிவிட்டது. சிப்காட் பூங்காக்கள் எழுந்தன, வேலைகள் வந்தன. அதை நான் குறை கூறமாட்டேன். என் அக்காள் ஒரு தொழிற்சாலையில் முறை வேலை பார்த்துத்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறாள். ஆலைகள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை, விருப்பமும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆலை வரும், போகும். ஏரி அப்படி அன்று. அது போனால் திரும்பி வராது.

இன்னொன்றும் உண்டு. வேலைக்குப் போகும் பிள்ளைகள் விடுதி வாசலில் பேருந்து ஏறி ஆலை வாசலில் இறங்குகிறார்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து தங்கி இரண்டு, மூன்று ஆண்டுகள் இங்கே உழைத்துவிட்டு, இந்த மண்ணில் என்ன இருக்கிறது என்றே அறியாமல் திரும்புகிறவர்கள் பலர். அவர்களுக்கு நம் ஊர் ஒரு சன்னல் காட்சி. அவர்களைச் சொல்வானேன்? உள்ளூரில் பிறந்த நமக்கே அது சன்னல் காட்சியாக மாறிக்கொண்டிருக்கிறது.

இரண்டு மறுப்புகள்

"நடப்பதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்பார்கள். என் பாட்டியே கேட்டார்: "நாங்க வவுத்துக்கு நடந்தோம். நீ எதுக்குடி வெயில்ல நடக்கற?" நியாயமான கேள்வி. செருப்பில்லாமல் நடந்தவர்களின் பிள்ளைகள் நாம். நடை நமக்கு வறுமையின் நினைவு. வண்டி வாங்குவதே முன்னேற்றம். ஆனால் கட்டாயத்தால் நடப்பது வேறு. விருப்பத்தால் நடப்பது வேறு. பசிக்காக நடந்தவர்களுக்கு நின்று பார்க்க நேரமில்லை. அவர்கள் நடந்து சேர்த்த ஓய்வை நாம் பார்ப்பதற்குச் செலவிடலாம் அல்லவா?

இரண்டாவது மறுப்பு பெண்பிள்ளைகளைப் பற்றியது. "பெண்கள் ஏரிக்கரையில் தனியாக நடப்பதா?" என்கிறார்கள். இரவு முறைக்கு இருட்டில் பேருந்து ஏறும் பெண்ணை ஊர் வழியனுப்பி வைக்கிறது. அதே பெண் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் நடந்தால், "அங்கே என்ன வேலை?" என்று கேட்கிறது. உழைக்கப் போகலாம், உலவப் போகக் கூடாது என்றால் அது என்ன நீதி? அச்சம் உண்மையானது, மறுக்கவில்லை. அதற்கு மருந்து வீட்டில் அடைபடுவதில் இல்லை. கூட்டமாக நடப்பதில் இருக்கிறது. இருபது பேர் பேசிக்கொண்டு நடக்கும் கரை எல்லோருக்கும் பாதுகாப்பான கரையாகும்.

எங்கே நடப்பது?

முதல் நடை அவரவர் ஊர் ஏரி. கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, மதகுகளை எண்ணி, கலங்கலைக் கண்டு, அது எங்கே போகிறது என்று தொடர்வது. செலவு ஒரு குப்பி தண்ணீர்.

இரண்டாவது நடை திருநீர்மலை. ஏரியும் மலையும் ஒருங்கே வேண்டும் என்பவர்களுக்கு இதுவே நம் பக்கத்து விருந்து. முன்னொரு காலத்தில் மலையைச் சுற்றி நீர் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பிறகே தரிசித்தார் என்பது தலபுராணம். நின்ற, இருந்த, கிடந்த, நடந்த ஆகிய நான்கு கோலங்களில் பெருமாள் அங்கே காட்சி தருகிறார். நடையையும் ஒரு திருக்கோலமாக வைத்த ஊர்! பக்தி இல்லாதவர்களும் படியேறலாம். இயற்பியல் மாணவி என்ற முறையில் ஒரு கணக்குச் சொல்கிறேன். சமதரையில் நிற்பவரின் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஐம்பது மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் அது சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் வரை விரியும். சங்கிலி ஏரிகளின் அமைப்பைக் கண்டுகொள்ள இமயம் தேவையில்லை; ஒரு குன்று போதும்.

மூன்றாவது நடை கொஞ்சம் நெடியது: திருவள்ளூர் வழியே பூண்டி நீர்த்தேக்கம், அதற்கப்பால் அல்லிக்குளி மலையில் குடியம் குகைகள். பூண்டி 1944இல் முடிந்த நீர்த்தேக்கம். தீரர் சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கியது. குடியத்துக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். கொடைக்கானல் ஏரி பிறந்த அதே ஆண்டு! அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டிலும் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகள் வெளிவந்தன. நாம் நடக்கப்போகும் மண்ணில் நமக்கு முன் நடந்தவர்கள் எத்தனை தலைமுறை என்று எண்ணிப் பாருங்கள்!

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவோம்

நடை என்றால் துள்ளல் மட்டுமன்று, ஒழுங்கும் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளைத் தேர்ந்து, வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது. குடியம் குகைப் பாதையும் அவற்றுள் ஒன்று. காட்டுக்குள் போவதென்றால் இந்த முறையான வழியிலேயே போக வேண்டும்.

நம் பக்கத்தில் தீயைவிட நீரே ஆபத்து. கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீர், படத்தில் பார்க்க இமயத்து ஏரி போலவே பச்சையாக மின்னும். சிக்கராயபுரத்துக் குவாரி நீர் 2017இலும் 2019இலும் சென்னையின் தாகம் தீர்த்தது உண்மை. ஆனால் அவை செங்குத்தாக வெட்டப்பட்டவை. ஓரத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்தாலே ஆழம். ஏறிவரப் பிடி இருக்காது. ஏரிகளுக்குள்ளும் மண் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும். எனவே நடையின் முதல் விதி இது: கரையோடு சரி, நீரில் இறங்கலாகாது. கூட்டமாகச் செல்லுதல், அனுமதி வேண்டிய இடத்தில் அனுமதி பெறுதல், வெயில் ஏறுமுன் திரும்புதல், கொண்டுபோன நெகிழிப் பையைத் திரும்பக் கொண்டுவருதல் ஆகியவை மற்ற விதிகள்.

ஒரு வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். 1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் நம் கல்லூரியிலும் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு அதன் சார்பில் 'ஏரி நடை' ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு நடைக்கும் ஓர் ஏரி. ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு குறிப்பேடு. இயற்பியல் மாணவர் கலங்கலின் அகலத்தையும் உயரத்தையும் அளக்கட்டும்; தாவரவியல் மாணவர் கரை மரங்களைப் பதியட்டும்; வேதியியல் மாணவர் நீரைச் சோதிக்கட்டும்; வரலாற்று மாணவர் ஊர்ப் பெரியவர்களிடம் பழைய கால்வாய்களைக் கேட்டு எழுதட்டும்; தமிழ் மாணவர் மடை, தூம்பு, கலங்கல், தாங்கல் என்று மறைந்துவரும் சொற்களைத் தொகுக்கட்டும். மூன்றாண்டில் முப்பது ஏரிகளேனும் நம் ஏட்டில் ஏறிவிடும். பிறகு எவரேனும் ஒரு கால்வாயைக் காணோம் என்றால், "இந்த மாதம் இந்த நாளில் இங்கே இருந்தது" என்று சொல்லச் சான்று இருக்கும். அந்த ஏட்டின் ஒரு படியை ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் கொடுப்போம். பழைய உத்திரமேரூரின் ஏரி வாரியத்துக்கு இதைவிட நல்ல வாரிசு வேறேது?

'கரையேறுதல்' என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் ஒரே பொருள்தான்: துன்பத்திலிருந்து மீளுதல். "எம் புள்ளை படிச்சுக் கரையேறிட்டா" என்று சொல்லத்தான் நம் பெற்றோர் உழைக்கிறார்கள். படித்தவர்கள் கரையேறி, ஏரி மட்டும் மூழ்கிப் போகுமானால் அது என்ன கரையேற்றம்?

இமயத்துக்கும் ஒருநாள் போவோம், நண்பர்களே! அதற்கு முன், வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரவர் ஊர் ஏரியின் மதகடியில் நிற்போம். அங்கிருந்து நடப்போம்.